“குடும்பத்தில் யாருக்காவது உண்டா?” என்று கேட்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

முதல்முறை உங்களிடம் வரும் எவரிடமும் நீங்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். “குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, தைராய்டு உண்டா?” நாங்கள் “அப்பாவுக்கு உண்டு டாக்டர்” என்கிறோம். படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் விழுகிறது. அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள். நான் பார்த்தவரை இதற்கு ஐந்து நொடிக்கு மேல் ஆனதில்லை.

அந்த ஐந்து நொடியை ஐந்து நிமிடமாக நீட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. என் தம்பிக்கு நேர்ந்ததற்குப் பிறகு, ஹார்மோன்கள் ஒரு குடும்பத்துக்குள் எப்படி இறங்கி வருகின்றன என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாததைப் புரிந்தவர்களிடம் போய்க் கேட்டேன். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் தெரிந்து வைத்திருப்பது எங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஏன் பயன்படாமல் போகிறது என்பதுதான் என் கவலை.

தம்பிக்குப் பதினெட்டு வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு. ஏற்கெனவே ஒல்லியான உடம்பு. இளம் வயது, ஒல்லி, சர்க்கரை என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர் கணையம் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் முதல் வகை என்று முடிவு செய்து அன்றே இன்சுலினைத் தொடங்கினார். அந்த முடிவில் நான் குறை சொல்லவில்லை. அந்த நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். இன்சுலின் தேவைப்படும் பிள்ளைக்கு அதைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து.

என் குறை அதற்கு அடுத்த பதினோரு ஆண்டுகளைப் பற்றியது. நாளுக்கு நான்கு ஊசி. இரவில் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, பேச்சுக் குழறி நாங்கள் ஓடிய நாட்கள் பல. அத்தனை ஆண்டிலும் எத்தனையோ பேர் அவன் கோப்பைப் புரட்டினார்கள். எல்லாவற்றிலும் அந்த டிக் இருந்தது. குடும்பத்தில் உண்டு. சரி. யாருக்கு? எத்தனை வயதில்? உடம்பு எப்படி? எந்தப் பக்கத்து உறவு? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போம். அப்பாவுக்கு இருபத்தாறு வயதில் வந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு இளம் வயதிலேயே இருந்தது. அத்தைக்கு முதல் கர்ப்பத்தில் கண்டுபிடித்தார்கள், பிரசவத்துக்குப் பிறகும் அது போகவில்லை. தம்பியோடு சேர்த்து மூன்று தலைமுறை, நான்கு பேர். நால்வருமே ஒல்லி. அறுபது வயதில் சர்க்கரை வந்த அப்பாவுக்கும் இருபத்தாறு வயதில் வந்த அப்பாவுக்கும் படிவத்தில் விழுவது ஒரே டிக்தான்.

ஒருநாள் வழக்கமான மருத்துவர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த இளம் மருத்துவர் கோப்பைப் பார்த்துவிட்டு, “அப்பாவுக்கு எத்தனை வயசுல வந்தது?” என்று கேட்டார். தம்பி சொன்னான். அவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரையத் தொடங்கினார். சர்க்கரை உள்ளவர்களைப் பேனாவால் நிரப்பினார். வரைந்து முடித்ததும் பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்தார். எனக்கு அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் கறுப்பு. ஒரு தலைமுறைகூடத் தாண்டவில்லை.

அதன் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். முதல் வகையில் பெரும்பாலோருக்கு இருக்கும், சொந்தக் கணையத்துக்கே எதிரான எதிர்ப்பொருட்கள் அவன் இரத்தத்தில் இல்லை. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் அவன் கணையம் சொந்தமாக இன்சுலின் சுரப்பதைச் சி-பெப்டைடு பரிசோதனை காட்டியது. மரபணுப் பரிசோதனையில் எச்என்எஃப்1ஏ என்ற ஒரே ஒரு மரபணுவில் பிழை. இன்சுலின் சுரக்கும் செல்களில் பல மரபணுக்களை இயக்கும் மேலாளர் போன்றது அது. அதில் பிழை இருந்தால் செல் இன்சுலினைச் செய்து வைத்திருக்கும், ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறியதை உணர்ந்து வேண்டிய அளவு வெளியே விடாது. சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை அந்தத் தடையைத் தாண்டி, அடுத்த படியில் நேராகப் போய்க் கதவைத் திறக்கிறது. அதனால் இந்த வகையினர் பலருக்கு மிகச் சிறிய அளவே போதும். மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாக, தம்பியின் ஊசிகள் நின்றன. காலையில் அரை மாத்திரை.

அவன் துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தோம். அவன் பேசாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டான். நாளுக்கு நான்கு, ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து, பதினோரு ஆண்டு. பதினாறாயிரத்துக்கு மேல் ஊசி.

இந்த மடலைப் படிக்கும் நோயாளிகளுக்கு இடையில் ஒரு வார்த்தை. உண்மையான முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்சுலின்தான் உயிர். தம்பியின் கதையைக் கேட்டு யாரும் ஒரு நாள்கூட ஊசியை நிறுத்திப் பார்க்க வேண்டாம். அவனைப் போல ஒற்றை மரபணுப் பிழையால் சர்க்கரை வந்தவர்கள், சர்க்கரை நோயாளிகளில் நூறில் ஓரிருவர்தான்.

அந்த ஓரிருவருக்காக எல்லோரிடமும் ஐந்து நிமிடம் செலவழிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மற்றத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் அந்தக் கேள்விக்குள் விஷயம் இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

ஹார்மோன் அளவு பரம்பரையில் வருகிறது என்று சொல்லும்போது, அப்பாவின் எண் பிள்ளைக்கு அப்படியே வருவதில்லை. இரத்தத்தில் ஒரு ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பல கைகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சுரப்பி எவ்வளவு செய்கிறது, எப்போது வெளியே விடுகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் எவ்வளவு வேகத்தில் அதைக் கழிக்கின்றன, போய்ச் சேரும் இடத்துச் செல்கள் அதன் சொல்லைக் கேட்கின்றனவா. ஒவ்வொரு கைக்கும் பின்னால் மரபணுக்கள் இருக்கின்றன. பெற்றோரிடமிருந்து நமக்கு வருவது இந்த ஏற்பாடு. இன்சுலினுக்கு எளிதில் இணங்காத தசையைப் பெற்ற பிள்ளையின் கணையம், சர்க்கரை சரியாக இருக்கும்போதே கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையின் சர்க்கரைப் பரிசோதனை பல ஆண்டுகளுக்கு “இயல்பு” என்றுதான் வரும்.

இதில் எவ்வளவு மரபணு, எவ்வளவு வீடு என்று பிரித்துப் பார்க்க இரட்டையர்கள் உதவினார்கள். ஒத்த இரட்டையருக்கு மரபணுக்கள் கிட்டத்தட்ட முழுவதும் ஒன்று. மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. இரண்டு சோடியும் ஒரே வீட்டில் வளர்பவை. ஒத்த இரட்டையரின் அளவுகள் மற்றவரைவிட எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்று பார்த்தால் மரபின் பங்கு தெரியும். டென்மார்க்கில் நலமாக உள்ள இரட்டையர்களை வைத்து 2004இல் வந்த ஆய்வில், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் அளவில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 65 விழுக்காட்டுக்கு மரபணுவே காரணம் என்று தெரிந்தது. தைராய்டு ஹார்மோன்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போனெக்டினை எடுத்தால், ஆய்வுக்கு ஆய்வு 30இலிருந்து 70 விழுக்காடு வரை சொல்கிறார்கள். இந்த ஹார்மோன் வினோதமானது. கொழுப்புதான் அதைச் சுரக்கிறது, ஆனால் கொழுப்பு கூடக் கூட அதன் அளவு குறைகிறது. குறைவாக உள்ளவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை வருவது அதிகம். அது காரணமா, வெறும் அடையாளமா என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

இந்த விழுக்காடுகளைத்தான் எங்களிடம் தவறாகச் சொல்கிறார்கள். டிஎஸ்எச்சில் 65 விழுக்காடு மரபு என்றால், என் எண் 3 என்றால் அதில் 2 அம்மா கொடுத்தது என்று பொருளில்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் இவ்வளவு பங்கு அவர்களின் மரபணு வேறுபாட்டிலிருந்து வருகிறது என்றுதான் பொருள். கூட்டம் மாறினால், வாழும் நிலை மாறினால், அந்த எண்ணும் மாறும். தனியொரு மனிதரைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை. “எழுபது சதவீதம் உங்க ஜீன், நாம ஒண்ணும் பண்ண முடியாது” என்று என் சிநேகிதியிடம் ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தால் அவள் இரண்டு ஆண்டு எந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை.

டிஎஸ்எச்சில் இன்னொன்றும் இருக்கிறது. 2002இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வில் நலமான ஆண்கள் 16 பேரிடம் ஓராண்டு முழுக்க மாதந்தோறும் இரத்தம் எடுத்துத் தைராய்டு அளவுகளைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே ஏறி இறங்கினார்கள். ஒருவரின் சொந்த எல்லையின் அகலம் கூட்டத்தின் எல்லையில் ஏறக்குறைய பாதிதான். அப்படியானால், பரிசோதனைத் தாளில் அச்சடித்திருக்கும் “இயல்பு” எல்லை ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு சட்டை. என் உடம்பின் அளவு அதைவிடச் சிறியது. அந்த அளவை வெட்டித் தைத்ததில் என் குடும்பத்துக்கும் பங்கு இருக்கிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் அம்மாவுக்கும் சித்திக்கும் தைராய்டு குறைவு. என் டிஎஸ்எச் பல ஆண்டுகள் 1.2 அருகிலேயே இருந்தது. பிறகு ஒருமுறை 3.8 என்று வந்தது. அச்சடித்த எல்லைக்குள் இருந்ததால் “நார்மல்” என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லைக்குள் இருப்பது நோய் என்று நான் வாதாடவில்லை, அதற்கு உடனே மாத்திரை வேண்டும் என்றும் கேட்கவில்லை. பழைய தாள்கள் என் கையில்தான் இருந்தன. அவற்றை வாங்கிப் பார்த்து, “உங்களுக்கு இது வழக்கத்தைவிட அதிகம், அம்மா பக்கம் தைராய்டு இருக்கிறது, சில மாதத்தில் மறுபடி பார்ப்போம்” என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான். அடுத்த பரிசோதனையை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதில் எல்லை தாண்டியிருந்தது.

இப்போது எடைக்கு வருகிறேன். இந்த மடலில் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

ஒரே குடும்பத்தில் அம்மாவும் பெண்ணும் பருமனாக இருந்தால், “வீட்டில் சாப்பாட்டுப் பழக்கம் அப்படி” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். 1986இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களின் உடல் பருமன், பெற்றவர்களின் பருமனோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. யார் தட்டில் பரிமாறினார்களோ அவர்களைப் போல அந்தப் பிள்ளைகள் ஆகவில்லை. கூட வாழாத, பெற்றவர்களைப் போல ஆனார்கள். 1990இல் இன்னொரு ஆய்வு. ஒத்த இரட்டையர் 12 சோடிகள், எல்லோரும் இளைஞர்கள். 100 நாளில் 84 நாட்கள், தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கொடுத்தார்கள். கூட்டிய அளவு எல்லோருக்கும் ஒன்று. ஒருவருக்கு 4 கிலோ சொச்சம் ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோ. ஆனால் ஒரு சோடிக்குள் இருவருக்கும் ஏறியது பெரும்பாலும் நெருங்கியே இருந்தது. கொழுப்பு போய்ப் படிந்த இடம்கூட உடன்பிறந்தவனோடு ஒத்துப்போனது. மனவுறுதியைச் சோதிக்கும் இடமே அந்த ஆய்வில் இல்லை. எல்லோரும் கொடுத்ததைச் சாப்பிட்டார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1994இல், நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வுக்கூடம் லெப்டினுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் செய்தி லெப்டின். கையிருப்பு இவ்வளவு இருக்கிறது என்று அது சொல்கிறது. செய்தி வராவிட்டால் கையிருப்பே இல்லை என்று மூளை நினைத்துக்கொள்கிறது, பசியைத் திறந்துவிடுகிறது. 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். சிறுமிக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரச் சிறுவனுக்கு இரண்டு வயது, 29 கிலோ. இருவருக்கும் லெப்டின் மரபணுவில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதியிலும் ஒரே பிழை. இரத்தத்தில் லெப்டின் ஏறக்குறைய இல்லவே இல்லை. பெற்றோருக்கு ஆளுக்கு ஒரு நல்ல பிரதி இருந்ததால் அவர்களுக்கு இப்படி ஆகவில்லை. லெப்டினை ஊசியாகக் கொடுத்த பிறகு அந்தச் சிறுமிக்கு ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. பசி சாதாரணப் பிள்ளையின் பசியானது.

நான் அடிக்கடி யோசிப்பது அந்தச் சிறுமியின் அம்மாவைத்தான். குழந்தையின் பசியை அடக்கத் தெரியாதவள் என்ற பார்வையோடு எத்தனை அறைகளில் உட்கார்ந்திருப்பாள்? ஒரு ஹார்மோனை அளந்து பார்க்கும்வரை அவள்தான் குற்றவாளி.

இது மிக அரிதான நோய், தெரியும். எடை கூடிய ஒவ்வொருவருக்கும் லெப்டின் ஊசி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பருமனாக உள்ள பெரும்பாலோருக்கு லெப்டின் நிறையவே இருக்கிறது, மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. அவர்களுக்கு ஒரு பெரிய பிழைக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான சிறிய வேறுபாடுகள். 2007இல் பெயர் பெற்ற எஃப்டிஓ மரபணுவையே எடுங்கள். அதன் எடை கூட்டும் வடிவத்தை இரண்டு பிரதியிலும் கொண்டவர்கள், ஒன்றும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோதான் கூடுதல். ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் அம்மா பக்கம் கொஞ்சம், அப்பா பக்கம் கொஞ்சம் என்று ஒரு பிள்ளையிடம் சேரும்போது அது சின்னதாக இருப்பதில்லை. அதே வீட்டில் அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வேறு பங்கு விழுகிறது. “உன் தங்கச்சி ஒல்லியாத்தானே இருக்கா, நீ மட்டும் ஏன்?” என்று ஒரு பெண்ணிடம் கேட்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரபணு ஒன்றே எல்லாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அது வீட்டைக் குற்றம் சொல்வதைப் போலவே அவசரமான முடிவு. கருப்பைக்குள் இருக்கும்போதே ஒரு பிள்ளையின் ஹார்மோன் ஏற்பாடு கொஞ்சம் திருத்தப்படுகிறது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பெரும் பஞ்சம். அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. பஞ்ச காலத்தில் கருவானவர்களிடம் வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்2 என்ற ஹார்மோனின் மரபணுமேல் இருந்து அதன் வேலையைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறிகள், பஞ்சத்துக்கு வெளியே கருவான அவர்களின் உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. அறுபது ஆண்டுக்குப் பிறகும்! அமெரிக்காவில் பைமா இன மக்களிடம் நடந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளில், தாய்க்குச் சர்க்கரை வருவதற்கு முன் பிறந்தவர்களைவிட வந்த பிறகு பிறந்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு மிகக் கூடுதல். தந்தைக்கு வந்ததற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஆக, “அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?” என்பதற்கு அடுத்த கேள்வி, “நீங்கள் வயிற்றில் இருந்தபோதே இருந்ததா?” என்பதாக இருக்க வேண்டும். இதுவரை என்னிடமோ எனக்குத் தெரிந்தவர்களிடமோ யாரும் அதைக் கேட்டதில்லை.

பரம்பரை என்றால் விதி என்று கைவிடுவதற்கும் இடமில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரையோடு மிக வலுவாகத் தொடர்புள்ள, பலரிடமும் காணும் மரபணு வேறுபாடு டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் இருப்பது 2006இல் தெரிந்தது. அது இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது. அமெரிக்காவில் சர்க்கரையின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்து, 2002இல் முடிவு வெளியான பெரிய தடுப்பு ஆய்வில் பங்கேற்றவர்களிடம் இந்த மரபணுவைப் பார்த்தார்கள். இரண்டு பிரதியிலும் அந்த வேறுபாட்டைச் சுமந்தவர்கள், வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் மற்றவர்களைவிட வேகமாக நோய்க்குள் போனார்கள். நடையும் உணவு மாற்றமும் கொஞ்சம் எடைக் குறைப்புமாக இருந்த பிரிவில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அந்த ஆய்வு முழுவதிலும் வாழ்க்கைமுறை மாற்றம் நோயை 58 விழுக்காடு குறைத்தது, மெட்ஃபார்மின் மாத்திரை 31 விழுக்காடு. பரம்பரைச் சுமை அதிகம் உள்ளவர்களுக்கும் நடை பலன் தருகிறது என்று என் போன்றவர்களிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். “குடும்பத்தில் இருக்கு, ஜாக்கிரதை” என்று சொன்னால் பயம்தான் வருகிறது.

சரி, நான் கேட்பது என்ன?

உறவைப் பெயரிட்டுக் கேளுங்கள். “குடும்பத்தில்” என்றால் எங்களுக்கு எந்த முகமும் நினைவுக்கு வராது. அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி என்று தனித்தனியாகக் கேட்டால் வரிசையாக வரும். வயதைக் கேளுங்கள். என் தம்பியின் பதினோரு ஆண்டுகள் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கியிருந்தன. நோய் வந்தபோது உடம்பு எப்படி இருந்தது என்று கேளுங்கள். மருந்து என்ன, எது கேட்டது, எது கேட்கவில்லை என்று கேளுங்கள். என் அப்பாவுக்குச் சின்ன அளவு மாத்திரையிலேயே சர்க்கரை கிடுகிடுவென இறங்கி மயக்கம் வரும். வீட்டில் அதை ஒரு பழங்கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது எவ்வளவு பெரிய தடயம்! யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இளவயதுச் சர்க்கரை இரண்டு மூன்று தலைமுறை தொடர்ந்து வந்திருந்தால் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கும் சி-பெப்டைடுக்கும் அனுப்புங்கள், பொருந்தினால் மரபணுப் பரிசோதனைக்கும். சிலருக்கு அதனால் மருந்தே வேண்டாம் என்றுகூட ஆகலாம். குளுக்கோகைனேஸ் மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குப் பிறவியிலிருந்தே வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் மேலே நிற்கும். உடம்பு அந்த உயரத்தைத் தன் இயல்பாக வைத்துக்கொள்கிறது, வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. கர்ப்பகாலம் தவிர அவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படுவது அபூர்வம். அப்படிப்பட்ட ஒரு குடும்பமே தலைமுறை தலைமுறையாகத் தேவையில்லாத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒருவருக்குக் கண்டுபிடித்தால் குடும்பத்துக்கும் சொல்லுங்கள். தம்பியின் முடிவு வந்த பிறகு நாங்களே போய்த்தான் அத்தையிடமும் அவர் மகளிடமும் சொன்னோம். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு எடுத்தபோது இல்லை என்று வந்தது. அன்று இரவு என் இரண்டு பிள்ளைகளும் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தை மகளுக்கு இருந்தது. அவளுக்கும் அதுவரை இன்சுலின்தான்.

அப்புறம், இந்தக் கேள்வி எல்லோருக்கும் எளிதானது இல்லை. தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், பெற்றவரோடு தொடர்பு அறுந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் “தெரியாது” என்று சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். தெரியாது என்பதும் ஒரு தகவல்தான், அவர்களைச் சற்று முன்கூட்டியே பரிசோதிக்க அது போதும். அதை ஒரு குறையாக எழுதிவிட்டு நகராதீர்கள்.

உங்கள் வரிசை நீளம் எனக்குத் தெரியும். வெளியே நாற்காலியில் நாங்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஐந்து நிமிடம் கிடையாது என்றால் அந்த வேலையை எங்களிடம் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் நிரப்ப ஒரு வெற்றுக் குடும்ப மரத்தை அச்சடித்துத் தாருங்கள். யார், எந்த வயதில், என்ன மருந்து என்று மூன்று வரி. வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு மீதியை நிரப்பி அடுத்த முறை கொண்டு வருவோம். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் குடும்பம் மாறிக்கொண்டே இருக்கிறது. போன ஆண்டு இல்லாத நோய் இந்த ஆண்டு ஒரு தங்கைக்கு வந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தின் தாளை நான் வரைந்துவிட்டேன். அந்த இளம் மருத்துவரிடம் கற்றபடியே, சதுரமும் வட்டமும். அப்பா பக்கம் சர்க்கரை, அம்மா பக்கம் தைராய்டு, பக்கத்தில் வயது. உறவுக்காரர்களுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் என் அத்தை மகள் தன் பதினான்கு வயது மகனோடு உங்களில் ஒருவரிடம் வருவாள். பையன் ஒல்லியாக இருப்பான். கொஞ்ச நாளாக அடிக்கடி தண்ணீர் குடிக்கிறான் என்று சொல்வாள். அவள் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கும். நீங்கள் பேனாவை எடுத்துக் கட்டத்துக்குள் டிக் போடுவதற்கு முன்னால், அதை வாங்கிப் பிரித்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு நோயாளியின் அக்கா